கணவரையோ மனைவியையோ முதல் முறை ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளை ஏர் ரைபிள் வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருந்த அம்மா நான். ஒரு நாள் கோச், "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, பத்து ரவுண்டு சுட்டுப் பாருங்கம்மா" என்று ஒரு பிஸ்டலைக் கையில் கொடுத்தார். ஆறு வருடம் ஆகிவிட்டது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் இன்னும் வாரத்துக்கு மூன்று நாள் சுடுகிறேன். நடுவில் என் கணவரை அழைத்து வந்தேன். முதல் நாளையே கெடுத்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் அவர் மறுபடி வந்தார். அதன் பிறகு கிளப்பில் யார் தன் வீட்டுக்காரரையோ மனைவியையோ அழைத்து வர நினைத்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே 10 மீட்டர் தூரத்துக் குறியைச் சுடும் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றியவை. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் தொடங்குவது அங்கேதான்.

துப்பாக்கி என்றாலே அவளுக்குப் பயம். பேச்சை எப்படி எடுப்பது?

எதற்குப் பயம் என்று முதலில் கேளுங்கள். பயம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குச் சத்தம் பயம். சிலருக்குத் துப்பாக்கி தோளில் உதைக்கும் என்ற பயம். சிலருக்குத் தன் கையால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று. "போலீஸ் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டவர்களும் உண்டு.

சத்தத்துக்கும் உதைப்புக்கும் பதில் சுலபம். போட்டிக்கான ஏர் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உதைப்பு கையில் தெரியவே தெரியாது. யாருக்காவது அடிபடுமோ என்ற மூன்றாவது பயத்தை மட்டும் போக்க முயலாதீர்கள். அது நல்ல பயம், ரேஞ்சின் விதிகள் எல்லாம் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அப்படிப் பயப்படுகிறவர்தான் விதியை ஒரு நாளும் மறக்க மாட்டார்.

சுடவே வேண்டாம், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். பள்ளிப் பையை ஓரமாக வைத்துவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று நிதானமாகச் சுடுவதை ஒரு மணி நேரம் பார்த்தால், நீங்கள் பத்து நாள் பேசுவதைவிட அதிகம் புரியும். சினிமாவுக்குப் போகலாம் என்று கிளப்பி ரேஞ்ச் வாசலில் கொண்டு போய் நிறுத்துவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

ஒரே குடும்பம். கடற்கரையில் இருப்பது பாரலை மடக்கி ரவை போடும் ஸ்பிரிங் துப்பாக்கி. ரேஞ்சில் இருப்பது சிலிண்டரில் காற்று அடைத்த துப்பாக்கி. அங்கே ரவையைப் பெல்லட் என்பார்கள். இரண்டிலும் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுதான்.

வித்தியாசம் குறியில். பலூன் உள்ளங்கை அகலம். 10 மீட்டர் ஏர் ரைபிளின் குறி அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான நடு வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. மொத்த வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். ஏர் பிஸ்டலில் பத்து 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பித்தான் அளவு. பலூனில் பட்டதா படவில்லையா என்பதோடு கதை முடிந்தது. இங்கே எவ்வளவு விலகியது, எந்தப் பக்கம் விலகியது, ஏன் விலகியது என்று ஒவ்வொரு குண்டும் திரும்பி வந்து சொல்கிறது. என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான்.

பலூன் கடையில் ஒரு தரம் ஜோடியாகச் சுட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் அங்கே பழகும் ஒரு விஷயத்தை ரேஞ்ச் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "ஏய், பார்த்தியா!" என்று சிரிப்போமே, அதை.

லைசென்ஸ் வேண்டுமா?

2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான 10 மீட்டர் துப்பாக்கிகள் அந்த அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. கடையில் வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். 0.22 போன்ற வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்குச் சட்டம் வேறு, நடைமுறை வேறு. முதல் நாளுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கே போவது?

சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி எல்லாவற்றிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. தனியார் பயிற்சி மையங்களும் நிறைய வந்துவிட்டன. போகும் முன் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: உறுப்பினர் அல்லாதவர் ஒரு நாள் சுட்டுப் பார்க்கலாமா, கிளப் துப்பாக்கி கிடைக்குமா, புதியவரோடு நிற்க ஒரு கோச் இருப்பாரா. மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு நாளோ வேறு இடமோ பாருங்கள்.

கூட்டமில்லாத நேரமாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் ரேஞ்சே இறுக்கமாக இருக்கும், அப்போது வேண்டாம். வார நாள் காலை பத்து, பதினொரு மணி நல்லது.

முதலில் ரைபிளா, பிஸ்டலா?

ரைபிள். அதையும் உட்கார்ந்து, மேசை மேல் தாங்கி வைத்துச் சுடட்டும்.

பிஸ்டல் சுமார் ஒரு கிலோதான், ரைபிள் நான்கைந்து கிலோ. அதனால் மனைவிக்குப் பிஸ்டல்தான் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிஸ்டலை ஒரே கையில், கையை முழுக்க நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டிய கையின் நுனியில் ஒரு கிலோ என்ன செய்யும் என்பது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அப்படி ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால் தெரியும். ரைபிளை மேசையில் தாங்கி வைத்துவிட்டால் எடையே இல்லை. கண்ணும் விரலும் மட்டும் வேலை செய்தால் போதும். அட்டையின் கருப்பு வட்டத்தைச் சுடத் தொடங்கிய முதல் பத்துக் குண்டிலேயே இரண்டு மூன்று அதற்குள் விழும். அந்த மகிழ்ச்சி முதல் நாளில் வேண்டும்.

நானே சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

என் கணவர் வந்த முதல் நாள் நான் செய்ததைச் சொல்கிறேன். என் சொந்தப் பிஸ்டலை அவர் கையில் கொடுத்தேன். அதன் மரப்பிடி என் கைக்கு ஏற்பச் செதுக்கியது. அவருடைய பெரிய கை அதற்குள் சரியாக அடங்கவே இல்லை. முதல் குண்டு இடது கீழ்ப்பக்கம் நான்கில் விழுந்தது. "விசையைச் சுண்டாதீங்க" என்றேன். அடுத்தது மூன்று. "மூச்சை விடுங்க" என்றேன். தோளை இறக்குங்க, முட்டியை மடக்காதீங்க, பாரல் முனையில் இருக்கும் முன்குறியைப் பாருங்க, அட்டையைப் பார்க்காதீங்க என்று குண்டுக்கு ஒரு திருத்தம். நான் சொன்ன ஒன்றுகூடத் தவறில்லை. பன்னிரண்டாவது குண்டுக்குப் பிறகு அவர் பிஸ்டலை மேசையில் வைத்து, உள்ளே குண்டில்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கை ஒழுங்காகச் செருகி, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போனார். திரும்பி உள்ளே வரவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, "நீ சொன்னதெல்லாம் சரிதான். ஆனா பன்னிரண்டு குண்டுல ஒண்ணுகூட நான் சுடலை. எல்லாத்தையும் நீதான் சுட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் மறக்கவில்லை.

துப்பாக்கி சுடுவதில் மற்றவர் உதவ முடியாத ஒரு இடம் இருக்கிறது. குறியைப் பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரல் மெல்ல அழுத்தத் தொடங்கும் அந்த ஆறேழு நொடி. அந்த நேரம் சுடுகிறவருக்கு மட்டும் சொந்தம். பக்கத்தில் நிற்பது கோச் என்றால் மனம் அதைப் பொருட்படுத்தாது. பக்கத்தில் நிற்பது கூடவே வாழ்கிறவர் என்றால், "இவர் என்ன நினைக்கிறார்?" என்ற கேள்வி குறிக்கும் கண்ணுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறது. சமையலறையில் நடந்தது, காரில் பேசியது எல்லாம் அதன் பின்னாலேயே வரும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த தம்பதிகளைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

எட்டு மாதம் கழித்து அவரைக் கோச்சிடம் ஒப்படைத்துவிட்டு, நான் நான்கு லேன் தள்ளி என் அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் அவரே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

ஒரே விதிவிலக்கு பாதுகாப்பு. பாரல் முனை குறி இருக்கும் திசையை விட்டு விலகினால் உடனே, சத்தமாக, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிஸ்டல் வீராங்கனை ஹீனா சித்துவுக்குக் கணவர்தானே கோச்சாக இருந்தார்?

ஆமாம், ரோனக் பண்டிட். அவரே சர்வதேசப் போட்டிகளில் சுட்டவர். ஹீனா அவரை மணந்தபோதே நாட்டுக்காகப் பதக்கம் வென்ற வீராங்கனை. 2014இல் ஏர் பிஸ்டலில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். தொழிலாகச் செய்யும் இருவர் சேர்ந்து வேலை செய்வதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் மற்றவருக்குப் புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்துவதும் வேறு வேறு. அவர்களைப் போல வருகிற காலத்தில் அப்படிச் செய்துகொள்ளலாம்.

பாதுகாப்பு விதிகளை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாமா?

சொல்லலாம். இதை மட்டும் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம், ஒரு தரத்துக்கு இரண்டு தரமாக.

பாரல் முனை எப்போதும் குறி இருக்கும் பக்கமே. காலியான துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றிலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். குறி பார்த்து முடிக்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. அப்புறம் சேஃப்டி ஃப்ளாக். பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிறு. அது பாரலுக்குள் முழு நீளமும் போய் முனையில் எட்டிப் பார்க்கும். கயிறு வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும். சுடாத நேரமெல்லாம் அது உள்ளேயே இருக்க வேண்டும்.

லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்று நான்கு கட்டளைகள். 'ஸ்டாப்' என்று காதில் விழுந்தால் பாதி அழுத்திய விசையையும் விட்டுவிட வேண்டும். 'லோட்' என்ற சொல் வருவதற்கு முன் பெல்லட்டைத் துப்பாக்கிக்குள் போடவே கூடாது. யாராவது அட்டை மாற்றக் கோட்டுக்கு முன்னால் போயிருந்தால் துப்பாக்கியை ஒருவரும் தொடக் கூடாது, துடைப்பதற்குக்கூட.

முதல் நாள் எப்படிப் போகும்?

ஒரு மணி நேரம் போதும். சுடுவது அதில் பாதிகூட இருக்காது.

முதல் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் கோச் காலித் துப்பாக்கியைக் கொடுத்து, குண்டில்லாமல் விசையை மட்டும் பத்துப் பதினைந்து முறை அழுத்தச் சொல்வார். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே தனி வசதி இருக்கிறது. இதை ட்ரை ஃபயரிங் என்பார்கள். விசை இரண்டு கட்டமாக வரும். முதலில் லேசாக நகர்ந்து ஒரு இடத்தில் முட்டும், அங்கிருந்து ஒரு நூலிழை அழுத்தினால் விடுபடும். முட்டும் அந்த இடத்தை விரல் கண்டுபிடித்துவிட்டால் முதல் நாள் பாடத்தில் பாதி முடிந்தது.

அடுத்து, கருப்பு வட்டமே இல்லாத வெள்ளை அட்டை. எங்கள் கோச் அட்டையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைத்தான் சுடச் சொல்வார். வட்டம் இல்லாதபோது மனம் எண்ணைத் தேடாது. குண்டுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுகின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதைத்தான் குரூப் என்கிறோம். அட்டையின் மூலையில் விழுந்தாலும் பரவாயில்லை. ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் அது நல்ல சுடுதல். துப்பாக்கியில் உள்ள பின்குறியைத் திருகி, குண்டு விழும் இடத்தை நடுவுக்குக் கொண்டு வருவது கோச்சுக்கு அரை நிமிட வேலை.

முதல் குண்டை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். டப்பாவிலிருந்து ஒரு பெல்லட்டை எடுத்துப் பார்க்கட்டும். நடுவில் இடுப்பு சிறுத்து, ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் பாவாடை போல விரிந்து, உளுந்தம்பருப்பு அளவில் இருக்கும். தட்டைப் பக்கம் குறியை நோக்கி இருக்கும்படி உள்ளே வைத்துக் கட்டைவிரலால் தள்ளி, நெம்புகோலை மூட வேண்டும். கருப்பு வட்டமுள்ள அட்டைக்கு வரும்போது, கண்ணுக்கு அருகே உள்ள பின்குறியின் சிறு துளை வழியாகப் பார்த்தால் முன்னால் ஒரு வளையம், அதற்குள் அட்டையின் கருப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டம். கருப்பைச் சுற்றி வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அகலமாகத் தெரிய வேண்டும். தெரிகிறது, அசைகிறது, மறுபடி தெரிகிறது. டப். கயிற்றில் அட்டை ஆடிக்கொண்டே திரும்பி வரும். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் வெட்டியது போல வட்டமான ஓட்டை, விளிம்பில் ஈயத்தின் சாம்பல் நிற வளையம். என் கணவர் அந்த ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தார். எங்கள் கிளப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இருபது, முப்பது குண்டு ஆனதும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் அஞ்சு" என்று அவர் கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. கை சோர்ந்த பிறகு சுடும் குண்டுகள் மோசமாகப் போகும், வீட்டுக்குப் போகும்போது அவைதான் மனதில் நிற்கும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டுதானே சுட வேண்டும்?

மூட வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சேர்ந்து சோர்ந்துவிடும். சுடாத கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மறைப்பு வைத்துக்கொண்டு இரண்டையும் திறந்தே வைத்திருப்பார்கள்.

வலது கைக்காரர் எல்லோருக்கும் வலது கண் முதன்மைக் கண்ணாக இருப்பதில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சிறு ஜன்னல் போல இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் ஜன்னலிலேயே நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். கையும் கண்ணும் வேறு பக்கமாக இருந்தால் கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் ஆறு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து வயது, புரோகிரசிவ் கண்ணாடி. சரிப்படுமா?

சரிப்படும், கொஞ்சம் வேலை இருக்கிறது. பிஸ்டலில் கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன்குறியை. அட்டை மங்கலாகத் தெரிந்தால் அதுதான் சரி. கை நீட்டினால் முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். வயது ஏற ஏற அந்தத் தூரமும் மங்கத் தொடங்கும். புரோகிரசிவ் கண்ணாடியில் தலை சற்றுச் சாய்ந்தாலே லென்ஸின் வேறு பகுதி வழியாகப் பார்ப்போம், குறி தெளிவதும் மங்குவதுமாக இருக்கும். தொடர்ந்து சுடுவதாக முடிவு செய்தால், அந்தத் தூரத்தைச் சொல்லிக் கண் பரிசோதகரிடம் தனியாக ஒரே பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ரைபிளுக்குப் பழைய தூரப்பார்வைக் கண்ணாடியே போதும்.

என்ன உடுத்தி வருவது?

தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. செருப்பு, ஹீல்ஸ் வேண்டாம். சுடிதார் என்றால் துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள், விசையிலும் நெம்புகோலிலும் சிக்கும். புடவையில் வந்து அழகாகச் சுட்டவர்கள் எங்கள் கிளப்பிலேயே இருக்கிறார்கள், முந்தானையைச் செருகிக்கொண்டால் போதும். வளையலைக் கழற்றிவிடுவது நல்லது. பிடியில் தட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட கூந்தலைப் பின்னால் கட்டிவிடுங்கள், ரைபிளில் கன்னத்தைப் பதிக்கும்போது இடையில் வரும்.

கர்ப்பமாக இருக்கிறாள். பாலூட்டுகிறாள். வரலாமா?

தள்ளிப் போடுங்கள். பெல்லட் ஈயம். ரேஞ்சின் தரையிலும் அட்டையின் பின்னாலும் ஈயத்தூள் இருக்கும். கருவுக்கும் கைக்குழந்தைக்கும் ஈயம் கெடுதல். இதில் சமாதானம் தேட வேண்டாம், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வரலாம்.

மற்றவர்களுக்கும் இது பொருந்தும். சுடும் இடத்தில் எதையும் சாப்பிடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீக்கடை. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, பார்த்தால் தடுத்துவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ரேஞ்சுக்குப் போட்ட ஷூவை வாசலோடு விட்டுவிடுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆசை புரிகிறது. ஆனால் வேண்டாம், குறைந்தது ஆறு மாதத்துக்கு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், மொரீனி போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கி என்றால் விலை லட்சத்தைத் தாண்டும். அது விலைக் கணக்கு. அதைவிடப் பெரியது பொருத்தம். பிடியின் அளவு கைக்கு ஏற்ப வேண்டும். வலது கைக்கா இடது கைக்கா என்பது தெரிய வேண்டும். ரைபிளா பிஸ்டலா என்பதை அவர் மனமே இன்னும் முடிவு செய்திருக்காது. விலை உயர்ந்த பரிசு வீட்டுக்கு வந்துவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாமல் போய்விடும். ஐந்நூறு பெல்லட் உள்ள ஒரு டின்னும் ஒரு மாதக் கிளப் கட்டணமும் அழகான பரிசு.

வீட்டில் பழகலாமா? மாடியில்?

மாடியில் கூடவே கூடாது. ஏர் துப்பாக்கிக் குண்டு சில நூறு மீட்டர் போகக்கூடியது, பக்கத்து மாடியில் யார் துணி காயப்போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மைனா, கிளி, கொக்கு என்று பறவைகளைக் குறி பார்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது இந்த விளையாட்டைச் சேர்ந்ததில்லை.

குண்டில்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை அழுத்தும் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் செய்யலாம். நல்ல சுடுநர்கள் எல்லோரும் செய்வதுதான். ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் குண்டில்லாமல் விசையை அழுத்தாதீர்கள், உள்ளே சேதமாகும். முடிந்ததும் பெட்டியில் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காற்றுச் சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விட்டு வராதீர்கள்.

மாமியார், "வீட்டுக்குள்ள துப்பாக்கியா?" என்கிறார்.

அவரையும் ஒரு நாள் ரேஞ்சுக்கு அழைத்துப் போங்கள். என் மாமியார் முதல் தரம் வந்தபோது நாற்காலியை விட்டு எழவே இல்லை. இப்போது ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர்தான்.

என்னைவிட நன்றாகச் சுட்டுவிட்டால்?

நடக்கும். புதிதாக வருகிறவருக்குத் தவறான பழக்கம் எதுவும் இருக்காது, கோச் சொன்னதை அப்படியே செய்வார். மனதாரச் சந்தோஷப்படுங்கள். அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வந்து பார்த்தார், பிடிக்கவில்லை. என்ன செய்ய?

விட்டுவிடுங்கள். ஒரே ஒரு தரம், ஒரு மாதம் கழித்து, "இன்னொரு நாள் வரீங்களா?" என்று கேட்கலாம். மறுபடியும் இல்லை என்றால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் எதனால் பிடிக்கவில்லை என்பதை மட்டும் மனதுக்குள் யோசித்துப் பாருங்கள். என் கணவருக்கு ஏர் பிஸ்டல் பிடிக்கவில்லை என்று நானே எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடிக்காதது என் குரல்.

இருவரும் சேர்ந்து போட்டியில் கலந்துகொள்ள முடியுமா?

முடியும். 10 மீட்டரில் ஆண், பெண் கலப்பு இரட்டையர் போட்டி டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. 2024 பாரிசில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் ஏர் பிஸ்டலில் தென்கொரிய இணையை 16–10 என்று வென்று வெண்கலம் வாங்கியது அதில்தான். தகுதிச் சுற்றில் ஆளுக்கு முப்பது குண்டு, முப்பது நிமிடம். அவரவர் லேனில் நின்று அவரவர் துப்பாக்கியால் சுடுவார்கள், இரண்டு ஸ்கோரையும் கூட்டிக்கொள்வார்கள்.

போட்டிக்குப் போக நாளாகும் என்றால் கிளப்பிலேயே இப்படி ஆடிப் பாருங்கள். நானும் அவரும் சனிக்கிழமை தோறும் ஆளுக்குப் பத்துக் குண்டு சுட்டுக் கூட்டுகிறோம். மொத்தத்தை மட்டும்தான் சமையலறைக் காலண்டரில் எழுதுவோம், யார் எவ்வளவு என்று பிரித்து எழுதுவதில்லை. தொடங்கிய வாரம் இருநூறுக்கு 139. போன சனிக்கிழமை 174.